அறிமுகம் செய்தவர் நேரில் வர வேண்டும்

சில்வஸ்டரை நேரில் வரச் சொல்லி ஊட்டியிலிருந்து கடிதம் வந்தபோது, அவர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மழைக்காலத்தைக் கழித்திருந்தார். கடிதத்தை அவர் மனைவி தபித்தாள் வாங்கினாள். தபால்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நெல்லியாளத்தில் அவர்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலை பிடிக்காத சதுப்பில் ஒரு குளம் இருந்தது. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சில்வஸ்டர் தன் கையால் வெட்டியது. பவானிசாகர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் திரும்பும்போது மூடி போட்ட வாளியில் ஜிலேபி மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து அதில் விட்டார். பஸ்ஸில் வாளியை மடியிலேயே வைத்திருந்தாராம். கண்டக்டர் கேட்டதற்குத் தயிர் என்றாராம். அந்தத் தயிர்தான் இப்போது குற்றமாகியிருந்தது. அயல் மீனினங்கள் அறிமுக ஒழுங்குமுறை வாரியம், முன் அனுமதி இல்லாமல் அயல் மீனை வளர்ப்புக் குளத்தில் அறிமுகம் செய்ததற்காக அவரை விசாரிக்க விரும்பியது. திருப்தியான விளக்கம் கிடைத்தால் அனுமதி. இல்லையென்றால் மீன்கள் அழிக்கப்படும்.

தபித்தாளுக்கு அந்த மீன்கள் வேண்டும். விற்பதற்காக அல்ல. சில்வஸ்டர் இருந்தவரை மாலையில் இருவரும் குளத்துக்குப் போவார்கள். இடப்பக்கம் ஒரு தட்டைக் கல் உண்டு. அவர் அதன்மேல் நின்று தூக்குவாளி மூடியில் கரண்டியால் தட்டுவார். டக், டக்டக். அவள் வலப்பக்கத்தில் நின்று தவிட்டு உருண்டையைக் கிள்ளிப் போடுவாள். தட்டியதும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அவர் போனபின் பல நாள் அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மாலை, மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று தட்டினாள்.

மீன்கள் வந்தன. அவளுக்கு நேராக வரவில்லை. இடப்பக்கம், அந்தக் கல்லுக்கு முன்னால் கூடி, கல்லைப் பார்த்து வாயைத் திறந்தன. அவள் தன் முன்னால் போட்ட தவிடு தனியாக மிதந்தது.

பக்கத்து வீட்டு மஜீதாவிடம் மட்டும் இதைச் சொன்னாள். மஜீதா பந்தலூர் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவள். எதற்கும் அசையாதவள்.

"பழக்கம்டீ அது. என் கடைக்கு வர்ற பொம்பளைங்க வாங்காட்டியும் அதே ரேக்குக்கு முன்னாடிதான் போய் நிப்பாங்க."

பழக்கம்தான் என்று தபித்தாளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தக் கல்லின்மேல் அவள் கால் வைக்கவில்லை. தவிட்டை இடப்பக்கமாக எறியக் கற்றுக்கொண்டாள்.

வாரியத்துக்கு மஜீதாவும் கூட வந்தாள். கூடலூரில் பஸ் மாறி, ஊட்டியில் இறங்கி, ஃபெர்ன்ஹில்லில் கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா. அவர்கள் கதவைத் திறந்ததும் மூடுபனியும் கூடவே உள்ளே வந்து பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டது. சுவரில் பாடம் செய்து மாட்டியிருந்த ஒரு பெரிய டிரவுட் மீன் கண்ணாடிக் கண்ணால் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைநிலை ஊழியர் லிங்கசாமி வராந்தாவுக்குப் போய், பனியைப் பார்த்து உரத்த குரலில் அழைத்தார். "சில்வஸ்டர். சில்வஸ்டர். சில்வஸ்டர்."

 எஸ்டேட்டில் காலைப் பெரட்டுக்குப் பெயர் வாசித்து ஆள் கணக்கெடுத்த நாட்களுக்குப் பிறகு, அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லித் தபித்தாள் கேட்டதில்லை. ஊரில் அவள் எதிரில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லை. துக்கம் கிளறப்படுமாம். அவளுக்குத் தபித்தாள் என்று பெயர் வைத்த போதகர், செத்துக் கிடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்த ஒருத்தியின் பெயர் அது என்று சொல்லியிருந்தார். கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டால் எழுந்து வருவார்கள் போலிருக்கிறது. லிங்கசாமிக்கு அந்த அதிகாரம் இல்லை. பனி மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

நீண்ட மேசைக்குப் பின்னால் வாரியத் தலைவர் முனைவர் பாலசுப்பிரமணியம் இருந்தார். கழுத்தில் மஃப்ளர், காலடியில் ஹீட்டர். பக்கத்தில் ஆய்வாளர் ஏகநாதன், கோயமுத்தூர்க்காரர், பேனாவும் கையுமாக.

"சில்வஸ்டர் வந்திருக்கிறாரா?" என்றார் தலைவர்.

"அவரு மோசம் போயி வருசமாகப் போகுதுங்க ஐயா. கல்லறையில இருக்காரு."

"எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை அம்மா. வந்திருக்கிறாரா?"

"இல்லீங்க."

ஏகநாதன் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

"செத்த மனுசன் எப்படிங்க வருவாரு?" என்றாள் மஜீதா.

தலைவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்த வாரியம் ஏன் வந்தது தெரியுமா? யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு மீனைக் கொண்டுவந்து விடுகிறார். அது பெருகுகிறது. நம் மீன்கள் ஒழிகின்றன. போய்க் கேட்டால், விட்டவர் இல்லை என்கிறார்கள். எப்போது கேட்டாலும் விட்டவர் இல்லை. அதனால்தான் விதியிலேயே எழுதிவிட்டோம். அறிமுகம் செய்தவர் நேரில் வர வேண்டும். உடம்பு சரியில்லாதவர் மருத்துவச் சான்று தரலாம். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகம் வழியாகச் சொல்லலாம். இறந்தவர்களைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. எழுதும்போது நாங்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தோம்."

"இறந்ததுக்குச் சர்ட்டிபிகேட் இருக்குங்க ஐயா," என்று தபித்தாள் பையைத் திறந்தாள்.

ஏகநாதன் பதறிக் கையை நீட்டித் தடுத்தார். "ஏனுங்கம்மா, அதைய வெளிய எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா நாங்க வாங்கோணும். வாங்கினா விண்ணப்பதாரர் இல்லைன்னு ஆயிருமுங்க."

"ஆமாம்," என்றார் தலைவர். "விண்ணப்பதாரர் இல்லாத மீன் உரிமையற்ற மீன். அதை விசாரணையே இல்லாமல் அழிக்கலாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அவர் இறந்துவிட்டாரா, அல்லது இன்று வர முடியவில்லையா?"

தபித்தாள் பைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பையை மூடினாள்.

"இன்னிக்கு வர முடியலீங்க. அடுத்த தடவ வருவாரு."

மஜீதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தபித்தாளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாக வந்துவிட்டது.

அதன்பின் நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. அடுத்த விசாரணையிலும் லிங்கசாமி பனியைப் பார்த்துக் கூப்பிட்டார். அதற்கடுத்ததிலும் கூப்பிட்டார். தபித்தாள் விசாரணை நாட்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். முதல் நாளே சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பாள். அந்த மேசைக்கு முன்னால் மட்டும்தான் அவர் இன்னும் வர வேண்டியவராக இருந்தார். மற்ற எல்லா இடத்திலும் அவர் போனவர்.

இப்படியே போனால் கோப்பு முடியாது என்று தலைவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் அவர் தம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, சில்வஸ்டர் வந்திருப்பதாகக் கருதி விசாரணையைத் தொடர உத்தரவிட்டார்.

"வந்திருப்பதாகக் கருதினால் நிற்க வைக்கக் கூடாது," என்றும் சொன்னார்.

லிங்கசாமி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தபித்தாளுக்கு இடப்பக்கத்தில் போட்டார். வலப்பக்கம் நிறைய இடம் இருந்தது. ஏன் இடப்பக்கம் போட்டார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. டீயும் வர்க்கியும் வந்தன. நாற்காலிக்கு முன்னாலும் ஒரு டீ வைக்கப்பட்டது. அது ஆவி விட்டு, அடங்கி, ஆடை படிந்தது.

"அதைய நான் குடிச்சுக்கவா? வீணாப் போகுதே," என்றாள் மஜீதா.

"அது பதிவாயிருச்சுங்க," என்றார் ஏகநாதன் வருத்தத்துடன்.

கேள்விகள் தொடங்கின. தலைவர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். ஏகநாதன் ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் காத்திருந்து, 'மௌனம்' என்று எழுதினார். மீனை ஏன் கொண்டுவந்தீர். மௌனம். அது அயல் மீன் என்று உமக்குத் தெரியுமா. மௌனம். தயிர் என்று சொன்னது உண்மையா.

"உண்மைதாங்க," என்றாள் தபித்தாள்.

"அவரே சொல்லட்டும்," என்றார் தலைவர்.

பிறகு, அயல் என்றால் என்ன என்று நாற்காலிக்கு விளக்கினார். "தன் பூர்வீக எல்லைக்கு வெளியே, மனிதக் கையால் கொண்டுவரப்பட்டு, வந்த இடத்தில் நிலைத்துப் பெருகுவது எதுவோ அது அயல்." சொல்லிவிட்டு ஒரு வர்க்கியைக் கடித்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் பனியில் சொட்டிக்கொண்டிருந்தன.

தபித்தாள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவைத் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு, கண்டிச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். அவளை அங்கிருந்து, இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தபின், கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மண்டபம் முகாமில், பூர்வீகம் எது என்று கேட்டவருக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் நின்ற ஓர் இளைஞன் அவளுக்காகப் பதில் சொன்னான். "எழுதுங்க சார், திருச்சின்னே எழுதுங்க. நானும் அப்படித்தான் சொன்னேன்." அதுதான் சில்வஸ்டர்.

"ஐயா, எத்தன தலமுற இருந்தா அயல் இல்லன்னு ஆகும்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி. அதற்குத் தனிக் குழு இருக்கிறது. அது இன்னும் கூடவில்லை."

"அந்தா செவத்துல இருக்கற மீனு?" என்றாள் மஜீதா. "அது துரைமாருங்க சீமையிலருந்து கொண்டாந்ததுன்னு எங்க வாப்பா சொல்வாரு."

தலைவர் டிரவுட்டை அன்போடு பார்த்தார். "வாரியம் வருவதற்கு முன்பே வந்தது எல்லாம் பாரம்பரியம் அம்மா. பின்னால் வந்ததுதான் படையெடுப்பு."

 திரும்பும் பஸ் நடுவட்டம் தாண்டியபின் மஜீதா சொன்னாள். "நாற்காலியக் கொண்டாந்து போட்டதும் நீ சேலைய இழுத்துவிட்டு ஒதுங்கி உக்காந்த."

"குளிருச்சு."

"எனக்கும்தான் குளிருச்சு. நான் ஒதுங்கல."

நாற்காலியின் மௌனம் ஒப்புதலும் ஆகாது, மறுப்பும் ஆகாது என்று வாரியம் முடிவு செய்து, அறிவியல் ஆய்வுக்கு உத்தரவிட்டது. குளத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் ஊர் மீன்கள் இருந்தன. ஜிலேபி தப்பி ஓடைக்குள் போனால் பிழைக்குமா, பெருகுமா என்பதுதான் கேள்வி. ஏகநாதன் வலையும் டிரம்மும் ஜீப்புமாக வந்தார். கொஞ்சம் மீனைப் பிடித்து ஓடையில் விட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

தபித்தாளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "ஓடையில போயிடக் கூடாதுன்னுதானே சார் இவ்வளவும்?"

"ஆமாங்க. போனா என்ன ஆகும்னு தெரியாம எப்படீங்க போகக் கூடாதுன்னு சொல்றது? அதுக்காகத்தான் விட்டுப் பாக்கறோம்."

"பெருகிப் போச்சுன்னா?"

"அப்ப நாங்க பயந்தது செரின்னு ஆயிருமுங்க." அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

வலையில் மீன் சிக்கவில்லை. ஜிலேபிக்குச் சேற்றில் பதுங்கத் தெரியும். அரை நாள் போனபின் ஏகநாதன், சேறு அப்பிய கால்சட்டையோடு அவளிடம் வந்தார். "நீங்க தட்டினா வருமாமே. கொஞ்சம் ஒத்துழைக்கோணுமுங்க. ஒத்துழைச்சாங்கன்னு எழுதினா உங்களுக்குத்தான் நல்லது."

அனுமதி கிடைக்க வேண்டும் என்ற நினைப்பில் அவள் மூடியை எடுத்துவந்து தட்டினாள். டக், டக்டக். மீன்கள் நம்பிக்கையோடு கல்லுக்கு முன்னால் வந்து கூடின. வலை இறங்கியது. டிரம்முக்குள் அவை அடித்துக்கொண்ட சத்தம் அவள் கையில் இருந்த மூடியில் அதிர்ந்தது. அவர் தட்டிக் கூப்பிட்டு ஒருநாளும் ஒன்றும் பிடித்ததில்லை. சாப்பாட்டுக்கு என்றால் தூண்டில்தான் போடுவார். கூப்பிட்டுப் பிடிக்கிறது மரியாதை இல்லை என்பார்.

ஏகநாதன் மீனைக் கொண்டுபோகும்போது கல்லைச் சுற்றிக்கொண்டு போனதை அவள் கவனித்தாள். குறுக்கே நடந்திருந்தால் வழி கிட்டம்.

"ஏன் சார் சுத்திப் போறீங்க?"

அவர் நின்றார். காரணம் தேடுவதுபோல் கல்லைப் பார்த்தார். "தெரியலீங்க," என்றார். "வந்திருக்கறதா பதிவாயிருக்குதுங்களே."

அன்றிலிருந்து தபித்தாள் குளத்தில் தட்டவில்லை. தவிட்டை மட்டும் இடப்பக்கம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். மீன்கள் வந்து தின்றனவா என்று நின்று பார்க்க முகம் இல்லை.

ஒரு மழை முடிந்து அடுத்த வெயில் வந்தபோது தீர்ப்பு வந்தது. தலைவர் எழுந்து நின்று வாசித்தார். ஆய்வு மகத்தான வெற்றி. ஓடையில் விடப்பட்ட ஜிலேபிகள் பிழைத்து, முட்டையிட்டு, ஓடை நெடுகப் பரவிவிட்டன. ஆகவே இது அபாயகரமான அயல் மீன் என்பது ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. அனுமதி மறுக்கப்படுகிறது. குளத்து மீன்கள் முழுவதும் அழிக்கப்பட வேண்டும்.

"ஓடையில இருக்கறதுங்க?" என்று தபித்தாள் கேட்டாள்.

"அவை இயற்கை நீரில் இருக்கின்றன. வளர்ப்புக் குளம்தான் நம் எல்லை. மேலும் ஓடை இப்போது ஆய்வுப் பகுதி. அங்கே இருக்கும் மீனைத் தொடக் கூடாது. உங்கள் குளத்து மீன் தப்பிப் போய் அவற்றோடு கலந்தால் ஆய்வு கெட்டுவிடும். அதற்காகவும்தான் இவற்றை அழிக்கிறோம்."

"ரெண்டும் ஒரே மீனுதானே?" என்றாள் மஜீதா.

"ஒன்று வாரியம் அறிமுகம் செய்தது. மற்றது இவர் செய்தது." தலைவர் நாற்காலியைச் சுட்டினார். குரல் கொஞ்சம் தழைந்தது. "சில்வஸ்டர், தனிப்பட்ட முறையில் எனக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லை. இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்த விண்ணப்பதாரரை நான் கண்டதில்லை."

ஏகநாதன் வழக்கம்போல் காத்திருந்தார். பிறகு எழுதினார்.

விசாரணை முடிந்தது. லிங்கசாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் மற்ற நாற்காலிகளோடு போட்டார். இனி பனியைப் பார்த்து யாரும் கூப்பிடப் போவதில்லை. தபித்தாளுக்கு மீன்களை நினைத்து வராத அழுகை அந்த நாற்காலியைப் பார்த்து வந்தது. எது எந்த நாற்காலி என்று இனி தெரியாது.

ப்ளீச்சிங் பவுடர் மூட்டையோடு ஏகநாதன் வந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. எல்லாம் மேலே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஒருமுறை தட்டுங்கள் என்றார்.

"கரண்டி தொலஞ்சு போச்சு," என்றாள் தபித்தாள். கரண்டி அவள் இடுப்பில் செருகியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. ஏகநாதன் வேறு பக்கம் பார்த்தார்.

தட்டாமலே வந்தன. நீர் வெளுக்க வெளுக்க, மூச்சுக்குத் தவித்து, ஒவ்வொன்றாக மேலே வந்து கல்லுக்கு முன்னால் கூடி வாயைத் திறந்தன. கடைசிவரை கல்லையே பார்த்தன. மஜீதா, "படச்சவனே," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தபித்தாள் மூடிக்கொள்ளவில்லை. அழைத்தவர் இல்லாமல் அவை வந்திருந்தன. யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும்.

போகும்போது ஏகநாதன் உத்தரவின் நகல்களைக் கொடுத்தார். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு குனிந்து, தட்டைக் கல்லின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கூழாங்கல்லைத் தூக்கி வைத்தார்.

"அவருக்கு உண்டானதுங்க," என்றார்.

சில நாள் கழித்து ஒரு மாலை, தபித்தாள் தவிட்டைப் பிசைந்தாள். பிசைந்தபின்தான் குளத்தில் மீன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். 'ஆய்வுப் பகுதி, உள்ளே நுழையாதீர்' என்ற பலகையைத் தாண்டிப் போனாள். சில்வஸ்டர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அட்டைக் கடி அவருக்கு ஆகாது. கல்லும் இல்லை, கரையும் சரியில்லை. கால் ஊன்றிய ஓர் இடத்தில் நின்றாள்.

தட்டலாமா என்று வெகுநேரம் யோசித்தாள். தன்னை நம்பி வந்தவற்றை வலைக்குக் கொடுத்தவள். வராமல் போனால் அது நியாயம். ஆனால் வராமல் போனால், அப்புறம் எங்கேயும் யாரும் இல்லை.

டக், டக்டக்.

நீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடிக்கொண்டிருந்த நீருக்கு அடியில் ஏதோ திரும்பியது. வந்தன. பெரியவையும், அவள் கண்டிராத குஞ்சுகளும், பவானிசாகரையோ குளத்தையோ அறியாத புது மீன்களும். அவளுக்கு நேராக வரவில்லை. கொஞ்சம் இடப்பக்கம், ஓர் ஆள் நிற்கும் தூரம் தள்ளி, எதுவுமே இல்லாத இடத்துக்கு முன்னால் கூடி, அண்ணாந்து வாயைத் திறந்தன.

தபித்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. தவிட்டைக் கிள்ளி இடப்பக்கமாகப் போட்டாள். இன்னொரு முறையும் போட்டாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஊட்டியில அத்தன தடவ கூப்புட்டாங்களே. அப்ப வந்திருக்கலாமில்ல."